மூன்று எண்ணுகிறவர்

தொண்ணூறுகளில் தூத்துக்குடிப் பள்ளிப் பிள்ளைகளின் புத்தகப் பைகளில் பாடநூல்களோடு ஒரு சீட்டுக்கட்டும் இருக்கும். அமெரிக்க மல்யுத்த வீரர்களின் படம் போட்ட ட்ரம்ப் கார்டு அது. உயரம், எடை, மார்பளவு, புஜத்தின் சுற்றளவு, மோதியவை, வென்றவை, ரேங்க் என்று ஒவ்வொரு சீட்டிலும் ஒருவரின் முழு வாழ்க்கையும் எண்களாக அச்சாகியிருக்கும். அண்டர்டேக்கர் சீட்டு கைக்கு வந்துவிட்டால் அன்றைய இடைவேளை முழுக்க அவன் கைதான் மேல். வாரம் தவறாமல் டிவியில் அந்த வீரர்களுக்கு நடுவே ஓடிக்கொண்டும், குப்புறப் படுத்துத் தரையைத் தட்டி ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணிக்கொண்டும் இருந்த நடுவருக்கு மட்டும் அந்தக் கட்டில் சீட்டு கிடையாது.

அந்த மனிதர் எங்கிருந்து வந்தார் என்று யாரும் கேட்டதில்லை. கேட்டிருந்தால், பல நேரங்களில் பதில் வியப்பூட்டியிருக்கும். அவரும் ஒரு காலத்தில் அதே ரிங்கில் அடி வாங்கியவர். முட்டி உடைந்தோ கழுத்து நொந்தோ, பெயர் எடுபடாமலோ, ஜட்டியைக் கழற்றிவைத்துவிட்டுக் கோடு போட்ட சட்டையை மாட்டிக்கொண்டவர். தொழில்முறை மல்யுத்தத்தில் வீரர் நடுவராவது ஓய்வுக்கால ஒதுக்கிடமாகவே பார்க்கப்படுகிறது. நான் அப்படி நினைக்கவில்லை. அந்தக் கலையைப் பற்றி ஒருவர் பெறக்கூடிய முழுமையான அறிவு அந்த இடத்தில்தான் பயன்படுகிறது. இந்தக் கட்டுரை அதைச் சில மனிதர்களின் வாழ்க்கையைக் கொண்டு காட்ட முயல்கிறது.

முதலில் தடையாக நிற்கும் கேள்வியை எடுத்துக்கொள்வோம். தொழில்முறை மல்யுத்தத்தில் யார் வெல்வார் என்பது முன்கூட்டியே பேசி முடிக்கப்பட்டது. அப்படியிருக்க, நடுவர் எதைத் தீர்ப்பதற்கு?

வெற்றி தோல்வியைத் தீர்ப்பதற்கு அல்ல. நூற்றுப்பத்து கிலோ எடையுள்ள ஒருவர் மற்றொருவரைத் தலைகீழாகத் தூக்கித் தரையில் போடுகிறார். போடுகிறவருக்கும் விழுகிறவருக்கும் இடையே ஒப்பந்தம் இருக்கலாம். உடலுக்கும் தரைக்கும் இடையே ஒப்பந்தம் இல்லை. விழுந்தவர் எழ மறுப்பது நடிப்பா, நிஜமா? அதை முதலில் அறிய வேண்டியவர் நடுவர். அவர் குனிந்து கையைப் பிடித்துப் பார்ப்பார். வீரர் பதிலுக்கு விரலை அழுத்தினால் பிழையில்லை. அழுத்தாவிட்டால் இரண்டு கைகளையும் தலைக்கு மேலே குறுக்காக, பெருக்கல் குறி போலத் தூக்குவார். மேடைக்குப் பின்னால் இருக்கும் மருத்துவருக்கான செய்தி அது. 2016 மே 1 அன்று சிக்காகோ அருகே நடந்த ‘பேபேக்’ நிகழ்ச்சியில் என்ஸோ அமோரே கயிற்றில் தலை மோதி விழுந்தபோது, ஆட்டம் அப்படியே நிறுத்தப்பட்டது. எழுதிவைத்த முடிவு அந்த நொடியில் கிழிந்துபோனது.

இது போக, அவர் ஓர் அஞ்சல்காரர். தொலைக்காட்சி நிகழ்ச்சியில் விளம்பரம் எப்போது வருகிறது, இன்னும் எத்தனை நிமிடம் மிச்சம், எப்போது முடிவுக்குப் போகவேண்டும் என்பதெல்லாம் அவர் காதிலுள்ள சிறு கருவிக்கு வரும். பிடியைச் சரிபார்ப்பது போலக் குனிந்து அதை இரண்டு வீரர்களிடமும் முணுமுணுப்பார். பார்வையாளர் எவருக்கும் அது தெரியக்கூடாது. கேமராவை மறைக்கக்கூடாது, அதேசமயம் தோள்கள் தரையில் படுகின்றனவா என்று பார்க்கும் கோணத்திலும் இருக்கவேண்டும். கதை கேட்டால், வீரர் ஒருவர் ‘தவறி’ இடிக்கும்போது உண்மையான உடம்போடு விழவும் தெரிந்திருக்கவேண்டும். விழத் தெரியாதவர் அந்த ஓர் இடியிலேயே கழுத்தை ஒடித்துக்கொள்வார். பழைய மல்லர்களை இந்த வேலைக்கு எடுப்பதற்கான முதல் காரணம் இப்படி மிகச் சாதாரணமானது.

முத்துக்கரையில் வளர்ந்தவர்களுக்கு இந்த உறவு புதிதல்ல. மன்னார் வளைகுடாவின் முத்துப்பார்களில், 1961இல் தூத்துக்குடிப் பக்கம் கடைசி முத்துக்குளிப்பு நடக்கும்வரை, காலில் கல்லைக் கட்டிக்கொண்டு இறங்கியவரின் உயிர் படகில் நின்று கயிறு பிடித்தவரின் கையில் இருந்தது. ஒரு நிமிடமோ சற்றே கூடுதலாகவோதான் மூச்சு. கீழிருந்து வரும் இழுப்பைச் சரியாகப் படித்து, உரிய நொடியில் மேலே தூக்கவேண்டும். ஒரே கல்லை இரண்டு பேர் பகிர்ந்துகொண்டு மாறி மாறி மூழ்குவதும் உண்டு. ஒருவர் ஆழத்தில் இருக்கும்போது மற்றவர் மேலே மூச்சு வாங்குவார். மனைவியின் உடன்பிறந்தவனையே கயிறு பிடிக்க வைப்பார்கள் என்று கடற்கரையில் சொல்லும் கதையின் பொருளும் இதுதான்: மேலே நிற்பவனுக்கு ஆழமும் தெரியவேண்டும், கீழே இருப்பவன் பிழைக்கவேண்டும் என்ற அக்கறையும் வேண்டும். முத்து விலைபோனபோது கயிறு பிடித்தவரின் பெயரை யாரும் சொன்னதில்லை. மல்யுத்த நடுவரின் வேலையை இதைவிட நெருக்கமாக விளக்க எனக்கு வேறொன்றும் கிடைக்கவில்லை.

நடுவர் எப்போதும் இப்படி இருந்தவர் அல்ல. நம் பழைய இலக்கியத்தில் பதிவான புகழ்பெற்ற மற்போரில் நடுவரே இல்லை. உறையூர்த் தித்தனின் மகன் போரவைக்கோப்பெருநற்கிள்ளி, முக்காவல் நாட்டு ஆமூர் மல்லனோடு பொருததைச் சாத்தந்தையாரும் நக்கண்ணையாரும் பாடியிருக்கிறார்கள். புறநானூற்றில் 80 முதல் 85 வரையுள்ள பாடல்கள். மார்பில் ஒரு முழங்காலும் முதுகுப்பக்கம் மறுகாலுமாக எதிரியை மடக்கிய பிடியைச் சாத்தந்தையார் ஒரு பயில்வானின் கண்ணோடு பார்த்திருக்கிறார். நக்கண்ணையாரின் பாடலில் கூடிநின்ற ஊரார் இரண்டு கட்சியாகப் பிரிந்து வெற்றி யாருக்கென்று வழக்காடுகிறார்கள். தீர்ப்புச் சொல்ல ஒருவர் தேவைப்படும் இடம் அங்கே திறந்து கிடக்கிறது. அதில் யாரும் நிற்கவில்லை. குப்புற விழுந்தும் மீசையில் மண் ஒட்டவில்லை என்று சாதிக்கிறவர்கள் எல்லாக் காலத்திலும் இருந்திருக்கிறார்கள்.

ஊர்க் குஸ்தியில் அந்த இடத்தை மூத்த பயில்வான்கள் நிரப்பினார்கள். கோதாவின் ஓரத்தில் நிற்கும் பெரியவர் முதுகு மண்ணில் பட்டதா இல்லையா என்று சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. அவர் வார்த்தைக்கு இருந்த எடை, அவர் முதுகில் ஒட்டியிருந்த பழைய மண்ணால் வந்தது. தூத்துக்குடி மாவட்டத்தில் இதற்கு நிகரான மரபைக் கபடியில் பார்க்கலாம். 1994 ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடி, மறு ஆண்டு அர்ஜுனா விருது பெற்ற மணத்தி கணேசனை வளர்த்த மண் இது. கோட்டைத் தொட்டானா இல்லையா என்று ஊர்ப் போட்டிகளில் சச்சரவு மூளும்போது, நேற்றுவரை பாடிப் போன ஒருவர் விசில் பிடித்திருந்தால் கூட்டம் சீக்கிரம் அடங்கும்.

மேற்கில் தொழில்முறை மல்யுத்தம் உண்மையான போட்டியாக இருந்த காலத்தில் நடுவர் வெளியாள். 1908 ஏப்ரல் 3 அன்று சிக்காகோவில் ஃபிராங்க் காட்ச், ஜார்ஜ் ஹாக்கன்ஷ்மிட் இருவரும் உலகப் பட்டத்துக்காக இரண்டு மணி நேரம் மோதினார்கள். நடுவர் எட் ஸ்மித் என்ற விளையாட்டுப் பத்திரிகையாளர். காட்ச் உடம்பில் எண்ணெய் பூசியிருக்கிறார், கண்ணில் கட்டைவிரலால் குத்துகிறார் என்று ஹாக்கன்ஷ்மிட் முறையிட்டார், பலன் இல்லை, இறுதியில் பட்டத்தை விட்டுக்கொடுத்தார். 1911இல் அவர்கள் மறுபடி மோதியபோதும் ஸ்மித்தே நடுவர். புகார் உண்மையா என்ற வாக்குவாதம் நூறாண்டுக்குப் பிறகும் ஓயவில்லை. நெருக்குப் பிடிக்குள் என்ன நடக்கிறது என்பது பிடி போட்டவருக்கும் பிடிபட்டவருக்கும்தான் தெரியும். வெளியிலிருந்து பார்க்கிற பத்திரிகையாளருக்கு அது தசைகளின் குவியல். பிற்பாடு கூட்டம் இழுக்க ஜாக் டெம்ப்ஸி போன்ற குத்துச்சண்டை நட்சத்திரங்களை நடுவராக நிறுத்தினார்கள். 1956இல் வரிக் கடன் நெருக்க மல்யுத்தத்துக்கு வந்த முன்னாள் குத்துச்சண்டைச் சாம்பியன் ஜோ லூயிஸ், காயம்பட்டபின் நடுவராக நின்று பிழைத்தார். அவர்கள் முகத்துக்காகச் சம்பளம் வாங்கியவர்கள். வேலை தெரிந்த நடுவர்கள் வேறு வழியாக வந்தார்கள்.

அவர்களில் முதலில் சொல்லவேண்டியவர் ஜப்பானின் ஜோ ஹிகுச்சி. 1929இல் யோகோஹாமாவில் பிறந்தவர், ஜூடோவில் பயின்றவர், போருக்குப் பின்னான ஜப்பானில் தொழில்முறை மல்யுத்தம் முளைவிட்ட 1950களின் நடுவில் மேடையேறியவர். வீரராக அவர் பெயர் பெரிதாக எழவில்லை. ஆனால் ஆங்கிலம் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்த முரட்டு வீரர்களைக் கவனித்துக்கொள்ளும் பொறுப்பு அவரிடம் வந்தது. பகலில் அவர்களுடைய சாப்பாடும் பயணமும், இரவில் ரிங்குக்குள் அதே ஆட்களுக்கு நடுவராக நிற்பதும் என்று வாழ்க்கை அமைந்தது. மல்லர் ஜயண்ட் பாபா 1972இல் ஆல் ஜப்பான் என்ற மல்யுத்த நிறுவனத்தைத் தொடங்கியபோது ஹிகுச்சியே அதன் முதன்மை நடுவர் ஆனார். 1997இல் ஓய்வு பெறும்வரை அந்த இடத்தில் இருந்தார்.

ஜப்பானிய ரசிகர்கள் அவரை நினைவில் வைத்திருப்பது ஒரு விசித்திரமான காரணத்துக்காக: அவர் மயங்கி விழுவதற்காக. அமெரிக்காவிலிருந்து என்.டபிள்யூ.ஏ. என்ற மல்யுத்தக் கூட்டமைப்பின் உலகச் சாம்பியன் வருவார். உள்ளூர் வீரர் அவரைக் கிட்டத்தட்ட வென்றுவிடும் நேரத்தில் ஹிகுச்சி எங்கோ இடிபட்டு உணர்விழப்பார். துணை நடுவர் ஓடிவந்து மூன்று எண்ணுவார், அரங்கம் கொந்தளிக்கும், ஹிகுச்சி கண்விழித்து அந்தத் தீர்ப்பை மாற்றுவார், பட்டம் அமெரிக்காவுக்கே திரும்பும். மேலோட்டமாகப் பார்த்தால் இது மலிவான தந்திரம். அதன் கணக்கைப் பாருங்கள். சாம்பியன் அடுத்த வாரம் வேறு நாட்டில் பட்டத்தோடு நின்றாக வேண்டும். அவர் தோற்க முடியாது. டிக்கெட் வாங்கிய டோக்கியோ ரசிகருக்குத் தன் வீரன் தாழ்ந்தவன் என்ற எண்ணம் வந்துவிடக்கூடாது. இரண்டு பேரின் மதிப்பையும் காப்பாற்ற ஒரே வழி, பழியை மூன்றாமவர் ஏற்பதுதான். ஹிகுச்சி அதை ஏற்றார். ரசிகர்களின் கோபத்தையும் சிரிப்பையும் தன்மேல் வாங்கிக்கொண்டார். வீரராக இருந்தபோது கிடைக்காத முக்கியத்துவம் நடுவராக விழுந்தபோது கிடைத்தது என்பேன். அந்த மேடைகளின் கதையே அவர் விழும் நொடியைச் சுற்றிக் கட்டப்பட்டது. பின்னர் அவர் நோவா என்ற மல்யுத்த நிறுவனத்தின் பட்டங்களை மேற்பார்வையிடும் பொறுப்பில் இருந்து, 2010 நவம்பரில் காலமானார்.

அமெரிக்காவின் டேனி டேவிஸ் இதற்கு நேர் எதிரான பாத்திரம். எண்பதுகளின் தொடக்கத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்ற மல்யுத்த நிறுவனத்தில் முகமூடி போட்டு ‘மிஸ்டர் எக்ஸ்’ என்ற பெயரில் மோதிக்கொண்டே, வேறு ஆட்டங்களில் நடுவராகவும் நின்றவர். முகமூடிக்குள் தோற்றவரும் வெளிர்நீலச் சட்டையில் எண்ணியவரும் ஒரே ஆள் என்பது பார்வையாளருக்குத் தெரியாது. 1987 ஜனவரியில் அவரை வைத்து ஒரு கதை பின்னினார்கள்: பிரிட்டிஷ் புல்டாக்ஸ் அணியிடமிருந்து ஹார்ட் ஃபவுண்டேஷன் அணி பட்டத்தைப் பறித்த ஆட்டத்தில் நடுவர் டேவிஸ் வெளிப்படையாக ஒரு பக்கம் சாய்ந்தார். கதைப்படி அவருக்கு நடுவர் பணியில் ஆயுள்தடை. உடனே வீரராகத் திரும்பி, அதே ஆண்டு மார்ச் 29 அன்று மூன்றாவது ரெஸில்மேனியாவில், ஹார்ட் ஃபவுண்டேஷனோடு சேர்ந்து ஆடி வென்றார். பிறகு மறுபடியும் நடுவர். வேறெந்த விளையாட்டிலும் இப்படியொரு வாழ்க்கை சாத்தியமில்லை. ஆனாலும் அந்தக் கதை ரசிகர்களைப் பற்றிக்கொண்டதற்குக் காரணம் மிகப் பழையது. பொய்யான போட்டியைப் பார்க்கச் சம்மதித்தவர்கள்கூட, பொய்யான நடுவரைப் பொறுப்பதில்லை.

எண்ணுவது எவ்வளவு நுட்பமான வேலை என்பதற்கு நிக் பேட்ரிக்கின் பெயரோடு ஒட்டிக்கொண்ட ஓர் இரவு சாட்சி. அவர் ‘அசாசின்’ என்ற பெயரில் புகழ்பெற்ற ஜோடி ஹாமில்டனின் மகன். தந்தை வழியில் மல்லரானவர். காயத்துக்குப் பின் நடுவரானவர். 1997 டிசம்பர் 28, வாஷிங்டன், ‘ஸ்டார்கேட்’ நிகழ்ச்சி. ஓராண்டுக்கு மேலாக வளர்த்த கதையின் உச்சம்: ஹல்க் ஹோகனை ஸ்டிங் எதிர்கொள்கிறார். பேட்ரிக் ஹோகனுக்குச் சாதகமாக அவசர அவசரமாக மூன்று எண்ணவேண்டும். அந்த அநியாயத்தைத் தட்டிக்கேட்க மல்லர் பிரெட் ஹார்ட் வந்து ஆட்டத்தை மறுபடி தொடங்கவைப்பார் என்பது கதை. திரையில் நடந்ததோ வேறு. பேட்ரிக்கின் கை வழக்கமான வேகத்தில்தான் தரையைத் தட்டியது. ஸ்டிங் முறையாகத் தோற்றுவிட்டது போல ஆயிற்று. ஹார்ட்டின் கோபத்துக்குக் காரணமே இல்லாமல் போனது. ஸ்டிங்கின் பிற்பாடான வெற்றியும் மங்கியது. ஏன் அப்படி எண்ணினார் என்று இன்றும் வாதிடுகிறார்கள். ஒரு நொடியின் சில துண்டுகள் கூடினாலும் குறைந்தாலும் ஓராண்டு உழைப்பு சரிந்துவிடும் என்பதை அந்த இரவுக்குப் பின் எவரும் மறுத்ததில்லை.

அதே ஆண்டு நவம்பர் 9 அன்று மான்ட்ரியாலில் நடந்தது இன்னும் கொடியது. பிரெட் ஹார்ட்டுக்குச் சொல்லாமல் முடிவை மாற்றி, அவர் பணியாததைப் பணிந்ததாக அறிவித்து மணி அடிக்கச் சைகை செய்தார் நடுவர் ஏர்ல் ஹெப்னர். ஹெப்னர் பெயர்பெற்ற மல்லர் அல்லர். அந்த முடிவு அவருடையதும் அல்ல. டபிள்யூ.டபிள்யூ.எஃப். முதலாளி வின்ஸ் மெக்மஹனுடையது. ஆனாலும் பல ஆண்டுகள் ஒவ்வோர் அரங்கிலும் ரசிகர்கள் ஹெப்னரைப் பார்த்துத்தான் துரோகி என்று கத்தினார்கள். ரிங்குக்குள் நிற்கும் இருவரும் மூன்றாமவரை நம்பித் தங்கள் உடலை ஒப்படைக்கிறார்கள் என்பதை ரசிகர்கள் உணர்ந்திருந்தார்கள். அந்த நம்பிக்கை உடைந்ததையே அவர்களால் மன்னிக்க முடியவில்லை.

நடுவர் முழுக்க முதலாளியின் ஆளாக ஆனதற்குச் சட்டப் பின்னணி ஒன்று உண்டு. அமெரிக்க மாநிலங்கள் பலவற்றில் தடகள ஆணையங்கள் மல்யுத்தத்தை ஒழுங்குபடுத்தின, வீரருக்கும் நடுவருக்கும் உரிமம் கொடுத்தன, வரியும் வாங்கின. 1989இல் நியூ ஜெர்சி மாநில செனட்டில், இது போட்டி அல்ல, பொழுதுபோக்கு என்று டபிள்யூ.டபிள்யூ.எஃப். தரப்பே ஒப்புக்கொண்டது. வரியையும் உரிமத்தையும் விலக்கும் மசோதாவை அந்த செனட் நிறைவேற்றியது. மல்யுத்தம் பொய் என்பது அம்பலமான நாளாகவே அதைப் பலர் எழுதுகிறார்கள். எனக்கு அதில் பெரிதாகத் தெரிவது வேறு: வீரரின் உடலைப் பாதுகாக்க அரசின் பெயரால் நிற்கக்கூடிய ஒருவரின் இடம் அன்று கரையத் தொடங்கியது. அதற்குப் பிறகு வீரருக்கு மிஞ்சியது நடுவரின் தனிப்பட்ட அனுபவமும் மனச்சாட்சியும் மட்டுமே. அனுபவம் யாருக்கு இருக்கும்? டிரேக் யங்கர் என்ற பெயரில் கண்ணாடியும் முள்கம்பியும் கிழித்த உடம்போடு ஆடிய டிரேக் வூர்ட்ஸ், இப்போது டபிள்யூ.டபிள்யூ.இ. என்ற பெயருள்ள அதே நிறுவனத்தின் என்.எக்ஸ்.டி. பிரிவில் 2014இல் நடுவரானார். கென்னடி பிரிங்க் என்ற பெயரில் சிறு அரங்குகளில் மோதிய ஜெசிக்கா கார் 2017இல் டபிள்யூ.டபிள்யூ.இ.யின் முதல் முழுநேரப் பெண் நடுவராக வந்தார். 2019இல் ‘ஸ்மாக்டவுன்’ மேடைக்கு உயர்ந்தார்.

எந்த நடுவரும் எல்லாவற்றையும் காத்துவிட முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும். 2009 ஜூன் 13, ஹிரோஷிமா. நோவா நிறுவனத்தைத் தொடங்கியவரும் அதன் தலைவருமான மிட்சுஹாரு மிசாவா, பின்பக்கமாகத் தூக்கிப் போடப்பட்டு விழுந்தார். இருபத்தைந்துக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் எண்ணற்ற முறை வாங்கிய அடி அது. நடுவர் ஷூயிச்சி நிஷினாகா குனிந்து, அசைய முடிகிறதா என்று கேட்டார். முடியவில்லை என்றார் மிசாவா. நடுவர் ஆட்டத்தை நிறுத்தினார். அன்றிரவே மிசாவா இறந்தார், வயது 46. ஆயிரக்கணக்கானோர் பார்த்திருக்க, அந்தக் கடைசிப் பேச்சைக் கேட்டவர் நடுவர்.

இந்தியாவில் மல்லர்களின் பிற்கால வாழ்க்கை வேறு திசையில் போனது. 1954இல் ருஸ்தம்-ஏ-ஹிந்த் பட்டம், 1959இல் கல்கத்தாவில் காமன்வெல்த் பட்டம், 1968 மே 29 அன்று பம்பாயில் அமெரிக்க மல்லர் லூ தெஸுக்கு எதிரான வெற்றி என்று தாரா சிங்கின் ஏறுமுகத்தை நம் தாத்தாக்கள் சிங்கப்பூர், மலாயாச் செய்திகளோடு சேர்த்துக் கேட்டு வளர்ந்தார்கள். அவரோடு மோதிய ‘கிங் காங்’ எமில் சாயா 1970இல் சிங்கப்பூரிலேயே மறைந்தார். தாரா சிங் சினிமாவுக்குப் போனார், 1985இல் மலையாளத்தில் ‘முத்தாரங்குன்னு பி.ஓ.’ படத்தில் தாரா சிங்காகவே வந்தார், தொலைக்காட்சி ராமாயணத்தில் அனுமனாக வீடு வீடாக நுழைந்தார், 2003இல் மாநிலங்களவைக்கும் போனார். இப்படியொரு வாழ்வு கோடியில் ஒருவருக்கு. மேடையை விட்டு இறங்கிய பயில்வானுக்குத் தெரிந்த ஒரே கல்வி பிடிகள்தாம். அந்தக் கல்விக்கு மேடையிலேயே ஓர் இடம் இருக்கிறது என்று சொல்வதற்கு நம்மிடம் அமைப்பு வளரவில்லை.

அந்தக் கல்வி உச்சகட்டச் சோதனைக்கு ஆளான நாள் 1976 ஜூன் 26. டோக்கியோவின் நிப்போன் புடோகான் அரங்கில் குத்துச்சண்டை உலகச் சாம்பியன் முகமது அலியும் மல்யுத்த வீரர் அன்டோனியோ இனோக்கியும் பதினைந்து சுற்று மோதினார்கள். நடுவர், செம்பட்டைத் தலைமுடி கொண்ட ஜீன் லெபெல்.

1932இல் லாஸ் ஏஞ்சலஸில் பிறந்த லெபெல், சண்டைத் தொழிலின் மடியிலேயே வளர்ந்தவர். தாய் ஐலீன் ஈட்டன் அந்நகரின் ஒலிம்பிக் ஆடிட்டோரியத்தில் பல பத்தாண்டுகள் குத்துச்சண்டைகளை நடத்தியவர். பன்னாட்டுக் குத்துச்சண்டைப் புகழரங்கில் சேர்க்கப்பட்ட முதல் பெண்மணி. பிள்ளைப் பருவத்திலேயே ‘ஸ்ட்ராங்லர்’ எட் லூயிஸ் போன்ற பழைய மல்லர்களிடம் லெபெல் பிடிகளைக் கற்றார். 1954, 1955 இரண்டு ஆண்டுகளும் அமெரிக்க ஜூடோ சாம்பியன். ஜூடோவில் பணமில்லை, தொழில்முறை மல்யுத்தத்துக்கு வந்தார். ‘ஹேங்மேன்’ என்ற முகமூடியும் அணிந்தார். சினிமாவில் ஸ்டண்ட் கலைஞராகவும் உழைத்தார். ‘கிரீன் ஹார்னெட்’ படப்பிடிப்பில் புரூஸ் லீயோடு பழக்கமாகி, இருவரும் ஒருவரிடம் ஒருவர் கற்றுக்கொண்டார்கள்.

டோக்கியோவுக்கு அவரைத் தகுதியாக்கிய நிகழ்ச்சி 13 ஆண்டுகள் முந்தையது. எந்த ஜூடோக்காரனையும் குத்துச்சண்டை வீரன் வீழ்த்திவிடுவான் என்று ஒரு பத்திரிகையாளர் பந்தயம் கட்டி எழுதப்போக, 1963 டிசம்பர் 2 அன்று சால்ட் லேக் சிட்டியில் மைலோ சாவேஜ் என்ற குத்துச்சண்டை வீரரை லெபெல் சந்தித்தார். நான்காவது சுற்றில் கழுத்தை நெரிக்கும் பிடி. சாவேஜ் நினைவிழந்து சரிந்தார். கூட்டம் ஆத்திரத்தில் கையில் கிடைத்ததையெல்லாம் வீசியது. லெபெல் பின்னாளில் சொன்ன விவரப்படி, நெரிபட்டு மயங்கியவரைத் தெளியவைக்கும் முறை அங்கிருந்த நடுவருக்கும் தெரியவில்லை, மருத்துவருக்கும் தெரியவில்லை; தோற்கடித்தவரே தெளியவைக்க வேண்டியிருந்தது. ஓர் ஆட்டத்தின் ஆபத்தை அறியாத நடுவர் அங்கே நின்றால் என்னவாகும் என்பதை லெபெல் எதிராளியின் உடம்பில் கண்டார்.

அலி, இனோக்கி மோதலுக்கு எழுதிவைத்த முடிவு இல்லை. விதிகளோ கடைசி நாட்கள்வரை பேரம் பேசப்பட்டன. ஒரு முழங்கால் தரையில் இருந்தால் ஒழிய இனோக்கி உதைக்கக்கூடாது. மல்யுத்தத்தின் பல பிடிகளுக்குத் தடை. விளைவு, இனோக்கி பெரும்பாலான சுற்றுகளில் மல்லாந்து படுத்தபடியே அலியின் கால்களை உதைத்தார். அலி சுற்றிச் சுற்றி நடந்தார். பதினைந்து சுற்றில் அவர் விட்ட குத்துகளைக் கைவிரல்களில் எண்ணிவிடலாம். அரங்கம் சலித்துக் கூச்சலிட்டது. அலியின் கால்களில் இரத்தக் கட்டிகள் உண்டாகி மருத்துவமனைக்குப் போகவேண்டி வந்தது. நான்காண்டு கழித்து, 1980இல், அதே அலி சென்னை நேரு விளையாட்டரங்கில் ஜிம்மி எல்லிஸோடு காட்சிக் குத்துச்சண்டை ஆடியபோது நம்மவர்கள் கண்டது அந்தக் கால்களைத்தான்.

அன்று டோக்கியோவில் லெபெலின் நிலையை எண்ணிப் பார்க்கவேண்டும். இதற்கு முன் அந்த விதிகளில் எவரும் மோதியதில்லை, முன்னுதாரணம் கிடையாது. ஒருபக்கம் உலகின் மிகப் புகழ்பெற்ற மனிதர், மறுபக்கம் உள்ளூர் நாயகன். செயற்கைக்கோள் வழியே பல நாடுகள் பார்க்கின்றன. ஆட்டம் சலிப்பாகிறது என்பதற்காக அவர் விதியைத் தளர்த்தவில்லை; இனோக்கியின் விதிமீறல்களைக் கண்டும் காணாமலும் விடவில்லை. அவற்றுக்காக 3 புள்ளிகள் கழிக்கப்பட்டன. படுத்திருப்பவன் ஒளிந்துகொள்ளவில்லை, சண்டை போடுகிறான் என்பதைப் புரிந்துகொள்ள, தானும் அப்படிப் படுத்துப் பிடி போட்ட ஒருவரால்தான் முடியும். இன்று கலப்புத் தற்காப்புக் கலைப் போட்டிகளில் தரையில் நடக்கும் சண்டையை எல்லா நடுவர்களும் படிக்கிறார்கள். 1976இல் அந்தப் படிப்பு உள்ளவர்கள் அரிது. பிற்காலத்தில் அத்தகைய போட்டிகளில் புகழ்பெற்ற ரோண்டா ரௌஸிக்குப் பிடிகள் சொல்லிக்கொடுத்தவர்களில் லெபெலும் ஒருவர். 2022 ஆகஸ்ட் 9 அன்று, 89 வயதில் மறைந்தார்.

டோக்கியோ மோதலைச் சமன் என்று அறிவித்தார்கள். மூன்று பேர் புள்ளி போட்டார்கள். குத்துச்சண்டைத் துறையைச் சேர்ந்த கோ தொயாமா, மல்லரான இனோக்கிக்கு 72–68 என்று கொடுத்தார். ஜப்பானிய மல்யுத்த முன்னோடி ரிக்கிடோஸான் காலத்தில் மல்யுத்த வீரராக இருந்து பிறகு தீர்ப்பு நாற்காலிக்கு வந்த கோக்கிச்சி எண்டோ, குத்துச்சண்டை வீரரான அலிக்கு 74–72 என்று கொடுத்தார். இந்த இருவரும் தத்தம் சொந்தத் தொழிலுக்கு எதிராகவே எழுதியிருக்கிறார்கள். லெபெலின் தாளில் இருந்தது 71–71. கழித்த 3 புள்ளிகளைத் திரும்பச் சேர்த்தால் அவர் கணக்கிலும் இனோக்கியே வென்றிருப்பார், அவர் சேர்க்கவில்லை.